பச்சை தீட்டிய கொல்லை

ஜெயசுதா செங்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. மலையடிவாரத்து விவசாயக் குடும்பம். வீட்டு வாசலில் நின்றாலே ஜவ்வாதுமலை தெரியும். ஆனாலும் வளைவுகளில் பஸ் திரும்பும்போது முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறவர்.

அந்த வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளை மலைக்குக் களப்பயணம் கூட்டிப்போக அனுமதி வாங்கியிருந்தார். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்த நிலம் எதுவாக மாறியிருக்கிறது என்று நேரில் பார்த்துக் குறிப்பதுதான் வேலை. முதலில் பள்ளியைச் சுற்றியுள்ள இடத்தையே வரையவைத்துப் பழக்கினார். காட்டுக்குப் பச்சை, பயிருக்கு மஞ்சள், கட்டடத்துக்குச் சிவப்பு.

"மிஸ், முள்ளு மண்டிக் கெடக்குற எடத்துக்கு இன்னா கலரு?" என்று சரிதா கேட்டாள்.

"மரஞ்செடி இருந்தா பச்சையே போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

பிள்ளைகள் நடக்கப்போகும் பாதையைப் பார்த்துவர, ஒரு சனிக்கிழமை காலை உடற்கல்வி ஆசிரியர் குணசீலனோடு மலையேறினார். ஜமுனாமரத்தூர் தாண்டி, ஒரு சிற்றூருக்குப் பிரியும் மண்பாதையில் கார் பஞ்சரானது. குணசீலன் டயரைக் கழற்ற உட்கார்ந்தார். ஜெயசுதா மட்டும் சரிவில் இறங்கி, அட்டையில் தாளைச் செருகி, எதிரே தெரிந்த நிலத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். போனில் படம் எடுத்தார்.

"இன்னா அளக்கற?"

திரும்பினால், கையில் அரிவாளோடு ஒரு பெண். அம்மாக்கண்ணு என்பது அவள் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. "நிலப் பயன்பாடு... பசங்களுக்குப் பாடம்..." என்றார் ஜெயசுதா. நிலம் என்ற சொல் விழுந்ததுமே அவள் மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆட்கள் இறங்கி வந்தார்கள். பாதை அடைபட்டது.

"போன தபாவும் இப்டித்தான் பேப்பர் வெச்சிகினு வந்தாங்க. அப்பால இது காட்டு எல்லைன்னு கல்லு நட்டாங்க. எங்க மாடு அந்தாண்ட போவ முடியல" என்றாள் அம்மாக்கண்ணு.

அவள் கணவர் வேடியப்பன் தாளைப் பிடுங்கி ஓரத்தில் எழுதியிருந்ததை வாசித்தார். "பச்சைன்னா காடாம். நம்ம கொல்லைக்குப் பச்சை அடிச்சிருக்கா!"

"இந்த வருசம் சாமை வெதைக்காம நெலத்த ஆறப்போட்டு வெச்சா அது காடாய்டுமா?" என்று அம்மாக்கண்ணு கத்தினாள். அந்தக் கத்தலில் கோபத்தைவிட நடுக்கம் அதிகமாக இருந்தது.

அப்போது ஜெயசுதாவின் கண்முன் வந்தது பிள்ளைகளின் முகம். அவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, இதே போன்ற தாளோடு குழுவுக்கொரு பக்கம் அனுப்புவதாகத் திட்டம். சரிதா தனியாக இங்கே நின்றிருந்தால்?

"நான் போட்டது தப்புங்க. கிழிச்சிப் போடுங்க" என்றார். வேடியப்பன் கிழித்தார். போனிலிருந்த படங்களை ஜெயசுதா அம்மாக்கண்ணுவின் எதிரிலேயே அழித்தார். குணசீலன் ஓடிவந்தபோது நாலு பேர் அவரையும் சூழ்ந்துகொண்டார்கள்.

"போவட்டும் வுடுங்க. பள்ளிக்கூடத்து அம்மாதான் போல" என்றாள் அம்மாக்கண்ணு. கூட்டம் மனமில்லாமல் வழிவிட்டது.

இருவரும் மலையிலிருந்து இறங்கினார்கள். "வேற எடம் பாக்கலாம் மேடம்" என்றார் குணசீலன். திங்களன்று ஜெயசுதா மலையில் நடந்ததை வகுப்பில் சொன்னார். சரிதா, "அவங்களும் பயந்துதான மிஸ் கத்தினாங்க?" என்றாள்.

அடுத்த வாரம் ஜெயசுதா மறுபடி மலையேறினார். முதல் தடவையைவிட அதிகப் பயம். ஊருக்குள் நுழையுமுன் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, கையில் ஒன்றும் இல்லாமல் நடந்து, அம்மாக்கண்ணுவின் வாசலில் நின்றார்.

"பசங்களக் கூட்டினு வரலாமாங்க? நீங்க வேணான்னா வரலை."

அம்மாக்கண்ணு அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். "வரட்டும். ஆனா வரைஞ்சத எங்ககிட்ட காட்டணும். யாரு பேரும் எழுதக் கூடாது. ஆறப்போட்ட கொல்லைக்கு வேற கலரு போடணும்."

பிள்ளைகள் வந்தார்கள். தனித்தனியாக யாரையும் அனுப்பவில்லை. எல்லோரும் ஒரே கூட்டமாக, ஊர்க்காரர்களோடு நடந்தார்கள். அம்மாக்கண்ணுவின் கொல்லைக்குச் சரிதா காவி தீட்டினாள். ஜெயசுதா கடைசி ஆளாக நடந்து, மேட்டில் யாராவது குரல் கொடுத்தால் திடுக்கிட்டு, தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

வேடியப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட நகல் ஒண்ணு எங்களுக்கு வோணும். இன்னொரு தபா கல்லு நட வந்தா காட்டறோம்" என்றார்.

"தர்றேங்க" என்ற ஜெயசுதாவின் உள்ளங்கை அப்போதும் வியர்த்துத்தான் இருந்தது.