பூஜ்யத்துக்குப் பின்னால்

நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சிரித்துவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் நான், அங்கே எந்த மரத்தில் எது இருக்கிறது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள், நானோ அதே மரத்தடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள். எண்பதுகளில் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரோடு பழகியவளுக்குப் பேய் பிசாசில் என்ன நம்பிக்கை வரும், சொல்லுங்கள்.

தோட்டத்தை விற்றதும் அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே மகள் மாலா, நான், எல்லோரும் லகாட்டுக்குக் குடிவந்தோம். வந்த வருஷமே மாலா பழைய ஈயச் சுரங்கக் குளத்தில் வழுக்கி விழுந்து போய்விட்டாள். அண்ணி அதன்பிறகு சத்தமாகப் பேசியதே இல்லை. கொஞ்ச காலத்தில் அண்ணனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற ஒரு வியாதி வந்தது. மருந்து கிடையாது என்று ஈப்போவில் டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். முதலில் கால், பிறகு கை, பிறகு பேச்சு. பேனா பிடிக்க முடியவில்லை, வலது ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது.

அலுவலகத்தில் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்து, சி மொழியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். அண்ணன் ஆங்கில எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டி, எண்டர் அமுக்கினால், அது திரையில் பெரிதாக வரும். அவ்வளவுதான்.

அந்த மொழியில் ஒரு விஷயம், இது புரியாவிட்டால் மற்றது புரியாது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சொல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஜ்யம் போட வேண்டும், ‘நல்’ (null) என்போம். அதைக் கண்டதும் நின்றுவிடும். பூஜ்யத்துக்குப் பின்னால் பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கும், ஆனால் காட்டாது. பூஜ்யம் போட மறந்தால் அந்தப் பழையதும் சேர்ந்து வரும்.

நான் முதலில் மறந்துவிட்டேன். அண்ணன் ‘தண்ணி’ என்று தட்டினார், அண்ணி கொடுத்தார். அப்புறம் கட்டில்மேல் ஏறிய பூனையைப் பார்த்து ‘போ’ என்று தட்டினார். ‘போ’வின் இரண்டு ஆங்கில எழுத்து (po), ‘தண்ணி’யின் (thanni) முதல் இரண்டு எழுத்தின்மேல் உட்கார, மிச்சம் அப்படியே நின்று, திரையில் ‘poanni’, அதாவது ‘போ அண்ணி’ என்று வந்தது.

அண்ணி மலாய்ப் பள்ளியில் கொஞ்சம் படித்தவர், மலாய்க்கும் அதே ஆங்கில எழுத்துதான், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.

“என்னயவா போகச் சொல்றாரு? அதுவும் நான் எப்பலேருந்து இவருக்கு அண்ணி ஆனேன்?”

அண்ணனால் சிரிக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று மாலையே பூஜ்யத்தைச் சேர்த்துச் சரிசெய்தேன்.

அண்ணன் போனது ஒரு காலை நேரம். எதையோ தட்டிக்கொண்டிருந்தவர் எண்டர் அமுக்குவதற்குள் விரல் நின்றுவிட்டது. ஆட்கள் வந்து கட்டிலை நகர்த்தியதில் பிளக் கழன்று கம்ப்யூட்டரும் அணைந்துபோயிற்று.

கருமாதி முடிந்ததும் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கேட்டார்கள். நடுப்பகல், வெயில் கொளுத்துகிறது. நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன், அண்ணி வாசலில் வந்து நின்றார்.

“செல்வி, அவரு கடைசியா என்னா எழுதுனாரு? அதுக்குள்ள இருக்குமா?”

“இருக்காது அண்ணி. கரண்டு போச்சுன்னா எல்லாம் அழிஞ்சிரும்.”

“ஒரு வாட்டி பாரேன். ‘புள்ளகிட்ட போறேன்’னு எழுதியிருப்பாரு. அத மட்டும் பாத்துட்டா போதும்.”

மறுக்க மனம் வரவில்லை. ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டால் அமைதியாவார் என்று நினைத்து மறுபடி வயரை மாட்டினேன். பூஜ்யத்தில் நிற்காமல் முழு இடத்தையும் காட்டும்படி புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். குப்பையாக நாலு எழுத்து வரும், அவ்வளவுதான் வரும், சத்தியமாக வேறெதையும் நான் எதிர்பார்க்கவில்லை. எண்டர் அமுக்கினேன்.

‘இங்கே யாரும் இல்லே. மாலா இல்லே.’

‘இங்கே’ என்பதற்கு அண்ணன் எப்போதும் மலாய்க்காரர் மாதிரி இரண்டு ‘ஜி’ போடுவார், ‘ingge’ என்று. இதிலும் இரண்டு ‘ஜி’ இருந்தது.

எனக்கு முன்பே அண்ணி படித்து முடித்துவிட்டார். அழவில்லை.

“அப்ப புள்ள எங்க இருக்கு, செல்வி?”

சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூட வேலை பார்த்த கோபாலிடம் சொன்னேன். விவரமான ஆள், சிரிக்கவில்லை.

“உசிரோட இருந்தப்ப தட்டுனது டிஸ்கெட்டுல எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்லா. நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்தப்ப கூப்புட்டுப் பாத்துருப்பாரு, பாவம்.”

என் புரோகிராம் டிஸ்கெட்டில், அந்த ஃபிளாப்பித் தட்டில், எதையும் எழுதாது. இருந்தாலும் அதையே நம்பலாம் என்று பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது மட்டும் என்ன ஆறுதல்? பின்னறையில் ஒற்றை விரலோடு கிடந்து, யாருமில்லை என்று தட்டித் தட்டி ஓய்ந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். அங்கே தனியாக இருக்கிறார், இல்லையென்றால் இங்கே தனியாக இருந்தார். எது தேவலை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கோபாலிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்த வரி ‘மாலா இல்லே’ என்பதோடு முடியவில்லை. பின்னால் இன்னும் இரண்டு சொல் இருந்தது. ‘விளக்கு தெரியலே.’

எங்கள் வீட்டில் அதுவரை சாமிப்படத்துக்குச் சின்ன மின்பல்புதான். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அவர் வழி தவறாமல் பிள்ளையிடம் போய்ச் சேரவேண்டும் என்று, அண்ணிதான் அவர் படத்தின் முன்னால் முதன்முதலாக எண்ணெய் விளக்கு ஏற்றினார்.

அந்த இரண்டு சொல்லையும் அண்ணியும் படித்தார். அன்று சாயங்காலமே ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பெரிய குத்துவிளக்கு வாங்கிவந்தார். இப்போது அண்ணிக்கு வயதாகிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். ஐந்து முகமும் ஏற்றி, திரியை நன்றாகத் தூண்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்.

“இப்பத் தெரியுமா?”