அரிசி ஆகாத மிராசுதாருக்குச் சர்க்கரைவள்ளி பை

போன வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு நேராக அடுத்த தெருவுக்குப் போனேன். சுமதி டீச்சர் வீட்டு ஓவனை இரவல் வாங்கி ஆட்டோவில் ஏற்றி, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது போலப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எதற்கு இந்தப் பாடு?

நாங்கள் உழுகிற நெல் வயலின் சொந்தக்காரர் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக இருந்தார். அவர் அரிசி சாப்பிட மாட்டாராம்!

சிரிக்காதீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் மூன்றரை ஏக்கர். என் மாமனார் காலத்திலிருந்து குத்தகை. காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். குத்தகையைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சர்க்கார் சொன்ன காலத்தில் தெருவில் பாதிப் பேர் கொடி பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனார்கள். என் மாமனார் போகவில்லை. பதிவு செய்துவிட்டு நிலத்துக்கார ஐயா முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டாராம். ஐயாவும் போய்ச் சேர்ந்தார், மாமனாரும் போய்ச் சேர்ந்தார். முழிப்பதற்கு நாங்கள்தான் மிச்சம்.

உழுதவனுக்கே நிலம் என்று எங்கள் மதகுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அதன்மேல் ஒரு கோட் சுண்ணாம்பு, ஒரு புதுச் சின்னம். எத்தனையோ ஆட்சி வந்தது, போனது. சுவர் தடித்ததுதான் மிச்சம். உழுதவருக்குக் கிடைத்தது முதுகுவலி.

இப்போது நிலம் ஐயாவின் பேரன் கார்த்திக் கைக்கு வந்திருக்கிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மனை போட்டு விற்கிற ஆள் ஒருவர் அவரைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார். அறுவடை முடிந்து வயல் வெறுமனே கிடக்கிற நேரம்... மனைக்கு அளப்பதற்கு அதைவிட வசதியான நேரம் உண்டா? நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கார்த்திக் போன் பண்ணினார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் எழுந்துபோய் வயலைப் பார்த்துவிட்டு வருவார். யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடலாமா என்று கார்த்திக்கிடம் கேட்டேன். அதெல்லாம் சிரமம் வேண்டாம் ஆன்ட்டி, நாங்கள் ஆறு மாதமாக எந்தத் தானியமும் தொடுவதில்லை, டீ போதும் என்றார்.

மாதம் இரண்டு ஏகாதசிக்கு நானும் அரிசியைத் தொடமாட்டேன். பெருமாளுக்காக. இவர்கள் முப்பது நாளும் தொடுவதில்லை — இடுப்புக்காக. பக்தி யாருக்கு அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நிலத்தைப் பற்றிப் பேச வருகிறவரை வெறும் டீயோடு அனுப்புவதா? சுமதி டீச்சர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். தானியமே இல்லாத மினி பை என்கிற மேல்நாட்டுப் பலகாரம். குட்டிக் குட்டி மாவுக் கிண்ணம், அதற்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியல். கிழங்கு நம் சந்தையில் கூறு கட்டி விற்கிறது. கிண்ணத்துக்கு மட்டும் கோதுமை கூடாது, மைதா கூடாது, பாதாம் மாவுதான். அதன் விலையைக் கேட்டுவிட்டு, கடைக்காரர் விளையாடுகிறார் என்று நினைத்து நான் வேறு சிரித்துவிட்டேன்.

மாவு சேருவதற்கு முட்டை ஊற்றச் சொன்னாள் வீடியோக்காரப் பெண். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என் சமையலறையில் முட்டையா? அரை பூவன் பழத்தைப் பிசைந்து சேர்த்தேன். சேர்ந்தது என்று சொல்ல முடியாது, ஒட்டிக்கொண்டது.

அடுத்ததுதான் வேடிக்கை. வெறும் கிண்ணத்தை முதலில் சுட வேண்டுமாம். சுடும்போது உப்பிக்கொள்ளுமாம். உப்பாமல் இருக்க உள்ளே காகிதம் போட்டு, பாரத்துக்குப் பச்சரிசியைக் கொட்ட வேண்டுமாம். சுட்டு முடித்ததும் அரிசியைத் தூக்கிப் போட்டுவிடலாமாம்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. தானியமே ஆகாத பலகாரத்துக்கு அரிசியைத்தான் பாரம் வைக்க வேண்டும். வாய்க்குள் போகக் கூடாது, குப்பைக்குப் போகலாம். அப்படித்தானே?

கிண்ணங்களில் அரிசியைக் கொட்டி ஓவனுக்குள் வைத்தேன். எடுத்த பிறகு அரிசியைத் தூக்கிப் போடக் கை வரவில்லை. அரைப் படி இருக்கும். இதே வயலில் விளைந்து, இந்த மனுஷர் முட்டிக்கால் சேற்றில் நின்று எடுத்தது. சிந்தின அரிசியைக்கூடப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு இது. அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுவேனா? சோறு வடிக்கலாமா என்றால் பாதி வறுபட்டுக் கிடக்கிறது. மிச்சப் பாதியையும் வாணலியில் சிவக்க வறுத்தேன். மிக்ஸியில் அரைத்து, வெல்லப் பாகு விட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு உருண்டை பிடித்தேன். நமக்குத் தெரிந்த வேலை. கால் மணி நேரத்தில் முடிந்தது.

பை மட்டும் முடிகிற வழியாக இல்லை. கிண்ணங்களில் கிழங்கை நிரப்பித் திரும்பச் சுட்டு எடுத்தால் பன்னிரண்டில் ஐந்து உடைந்துவிட்டன. மிச்சம் ஏழு, கிரகணத்துக்குப் பயந்து ஒண்டியது போலத் தட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தன.

கார்த்திக்கும் அவர் மனைவி ஸ்வேதாவும் வயலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் இருவருக்கும். நல்ல பிள்ளைகள், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். ஸ்வேதா மூன்று பை சாப்பிட்டது. ரெசிபி கேட்டது. கன்றுக்குட்டியைப் பார்க்க வேண்டும் என்று கொல்லைப்பக்கம் போயிற்று.

கார்த்திக் ஒரு பையைப் பாதி கடித்து மரியாதைக்கு விழுங்கினார். பக்கத்துத் தட்டில் என் வீட்டுக்காரருக்காக வைத்திருந்த உருண்டையில் ஒன்றை எடுத்து, பேச்சுவாக்கில் வாயில் போட்டார்.

"ஆன்ட்டி, இது செம டேஸ்ட்டா இருக்கே. என்ன நட்ஸ் இது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷமாக அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நட்ஸ்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆறு மாத விரதத்தை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டால் மூன்றரை ஏக்கரும் போச்சு. ஆனால் மாடத்தில் காலையில் ஏற்றிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர் வாயில் போட்டதைப் பற்றி, அம்பாளை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"அரிசிங்க தம்பி. உங்க நிலத்து அரிசி."

மென்றது நின்றது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

"நம்ம நிலத்துலேர்ந்தா?" என்றார் கார்த்திக்.

அவர் தாத்தா காலத்தில் குத்தகை நெல் மூட்டையாகப் போனது. அப்பா காலத்தில் பணமாகப் போனது. இப்போது போனில் போகிறது. பிறந்ததிலிருந்து அந்த வயலில் விளைந்த ஒரு மணி அவர் வாய்க்குப் போனதில்லை. நிலச் சொந்தக்காரர்!

கொல்லைப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்வேதாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி" என்றார்.

இன்னும் நான்கு உருண்டை போயிற்று.

அந்த வாயோடேயே, விற்கிற விஷயத்தில் அவசரம் ஒன்றும் இல்லை, யோசிக்கலாம் என்று இழுத்தார். ஸ்வேதா திரும்பி வந்தது. விற்கலாமா வேண்டாமா என்று கார்த்திக் மனைவியைக் கேட்டார்.

"எதுக்கு விக்கணும்? நெல்லை நிறுத்திட்டு இந்த ஸ்வீட் பொட்டேட்டோவையே போடச் சொல்லலாமே. நம்ம ஓன் ஃபார்ம்."

"எக்ஸாக்ட்லி. தானியமே வேண்டாம் அங்கிள்" என்றார் கார்த்திக். மீசையில் உருண்டை மாவு ஒட்டியிருந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அது களி நிலம்ங்க. மழைக்காலம் பூரா தண்ணி நிக்கும். கிழங்கு உள்ளேயே அழுவிப்போயிடும்..."

அவர் காலை மிதித்தேன். மனை போடாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள் அம்பாள், இந்த மனுஷர் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

"போட்டுடலாங்கம்மா" என்றேன் நான். "எங்களுக்கு வயசாயிடுச்சு, பேசினது மறந்துபோயிடும். தம்பி கையால ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா நல்லது."

எழுதிக் கொடுத்தார்! ஐந்து வருஷத்துக்கு இவரே பயிர் செய்து வரலாம் என்று பெயர் போட்டு, சர்வே நம்பர் போட்டு, இருவரும் கையெழுத்து வைத்தார்கள். என்ன பயிர் என்று எழுதவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. என் மாமனார் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டதைக் கேட்டு வாங்குவதற்கு ஏழு மினி பை தேவைப்பட்டிருக்கிறது. இந்தக் காகிதத்தை வைத்துக் குத்தகையைப் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று தாலுகா ஆபீஸில் விசாரிக்கத் திங்கட்கிழமையே இவரை அனுப்பிவிட்டேன்.

கிளம்பும்போது ஸ்வேதா ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மாதாமாதம் கிழங்குத் தோட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. வயலின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் நிற்காத மேட்டுத் திடல் கொஞ்சம் இருக்கிறது. நேற்று அதில் மூன்று பாத்தி கட்டிச் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டாயிற்று. வருகிற பிள்ளைகளுக்கு முதல் கிழங்கு. மிச்ச நிலத்துக்கு விதைநெல் சொல்லியாயிற்று. அம்பாளிடமும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

போட்டோ எடுக்கும்போது மட்டும் இவரிடம் போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்... பின்னால் நெல் தெரியக் கூடாதே!