காலரில் தைத்த ஊர்கள்

எங்கள் விடுதி வார்டனம்மா ஆயுசில் ரயில் ஏறியது கிடையாது. ஆனால் முப்பத்தோரு வருஷமாக அங்கே வந்து சேர்ந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் உலகத்து ஊர்களைப் பெயராக வைத்தவர் அவர்தான். லிமா, வியன்னா, வெரோனா, ஜெனீவா. மேசை இழுப்பறையில் அட்டை கிழிந்த உலக வரைபடப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். வாசலில் யாராவது போட்டுவிட்டுப் போன குழந்தை வந்தால், அதைப் புரட்டி ஓர் ஊரின் மேல் விரலை வைப்பார். "பெத்தவ ஒரு முழம் துணி குடுக்கல, நான் ஒரு ஊரையே குடுத்திருக்கேன்" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார். பெருமைக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

நான் அங்கே தையல்காரி. கவுன் காலர், துண்டு, போர்வை எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் பெயர் தைப்பது என் வேலை. ஒரு குழந்தையை யாராவது தத்தெடுத்துப் போனால் துணி இங்கேயே இருக்கும். பெயரும்தான். அடுத்து வருகிறவளுக்குக் கவுனோடு சேர்த்து அந்தப் பெயரையும் மாட்டிவிடுவார். பிரித்துத் தைத்தால் நூல் வீணாம். நானே ஐந்து வியன்னாக்களைப் பார்த்துவிட்டேன்.

ஜெனீவாவுக்கு ஏழு வயசு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து கூட்டிப்போனார்கள். நாலே மாதம். படுக்கையை நனைக்கிறாள் என்று திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். போகும்போது அந்த அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க வெச்ச பேர் சொல்லி இனிமே இவளைக் கூப்பிடாதீங்க. அது செத்துப்போன எங்க பொண்ணு பேரு."

"பரவாயில்லக்கா, நான் ஜெனீவாதானே" என்றாள் குழந்தை என்னிடம்.

இல்லை. ஜெனீவா இப்போது ஒன்பதாம் கட்டிலில் இருந்தாள். ஐந்து வயசுப் பொடிசு. பெரியவளின் கவுன் அவளுக்குக் கணுக்கால் வரை தொங்கியது.

"அது இப்ப அவளோடது. நீ ஒடெசா" என்றார் வார்டனம்மா.

"அது என் பேரும்மா. குடுத்துடச் சொல்லுங்கம்மா."

"விட்டுட்டுப் போனவ நீதானே? இப்ப வந்து கேட்டா?"

சாப்பாட்டு வரிசையில் "ஜெனீவா" என்று கூப்பிட்டால் இருவரும் எழுந்து நிற்பார்கள். பெரியவளுக்கு மட்டும் கரண்டிக் காம்பால் புறங்கையில் ஓர் அடி. பதினோரு நாள் எழுந்தாள். பன்னிரண்டாம் நாள் எழவில்லை. "பாத்தியா, பழகிட்டா" என்றார் வார்டனம்மா. நான் குனிந்த தலை நிமிராமல் ஒடெசா என்று தைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயம். என்னைப் போல ஒரு கோழை உண்டா?

அடுத்த மாதம் வேறொரு ஜோடி வந்தது. ஒன்பதாம் கட்டில் பொடிசைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கவுன் என் மிஷினுக்கு வந்தது.

வார்டனம்மாவுக்கு அன்று மனசு குளிர்ந்திருந்தது. பெரியவளைக் கூப்பிட்டார். "அதிர்ஷ்டக்காரிடி நீ. உன் பேரு காலியாயிடுச்சு, எடுத்துக்கோ."

அவள் கவுனை வாங்கி விரித்தாள். காலரில் இருந்த சிவப்பு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்க்கா, பத்திரமா வெச்சிருங்க. பாப்பா திரும்பி வருவா இல்ல, அப்ப அவளுக்கு வேணும்."