ஸ்டெல்லா தோண்டிய ஓடை

ஸ்டெல்லா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரை வேலையைவிட்டுத் துரத்திய முதலாளி. "நம்ம ஸ்டெல்லா மேடம் மாரடைப்புல தவறிட்டாங்க. பூமாலைக்குச் சொல்லிட்டேனுங்க, நேரா வந்துருங்க" என்றார் போனில். அந்த 'நம்ம'வைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீரபாண்டிச் சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் நானும் ஸ்டெல்லாவும் ஏழு வருடம் வேலை பார்த்தோம். அவர் தூத்துக்குடிக்காரர். சிறு வயதில் அவர் ஊர்க் கழிமுகத்தில் கப்பல் எண்ணெய் ஒதுங்கியதாம். மேலே கிடந்ததை வெயிலும் அலையும் கரைத்துவிட்டன. பல வருடம் கழித்து நண்டுக்காகச் சேற்றைத் தோண்டினால், நேற்று ஊற்றியது போல எண்ணெய் கசிந்ததாம். "எண்ணெயத் திங்கிற கிருமிக்கும் காத்து வேணும்லா? சேத்துக்குள்ள காத்து ஏது? அது அப்படியேதான் கெடக்கும்" என்பார்.

ஒருநாள் எங்கள் பாய்லருக்கான எண்ணெய்த் தொட்டி உடைந்து பின்புற ஓடையில் கொட்டியது. முதலாளி மணல் அடித்து மூடினார். சில மாதங்களில் புல்லும் முளைத்தது. ஓடையை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த சின்னச்சாமி, கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று வந்து நின்றார். "அதெல்லாம் எப்பவோ காஞ்சு போச்சுங்க" என்று முதலாளி அவரைத் திருப்பி அனுப்பினார்.

ஸ்டெல்லா மண்வெட்டியோடு ஓடையில் இறங்கினார். முழங்கை ஆழத்தில் கறுப்பாக ஊறியது. ஒரு பிடி அள்ளிவந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். "மோந்து பாருங்க சார்."

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. ஓடை சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கை என் முன்னால் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பயம்தான்; வேறு காரணம் சொல்லப்போவதில்லை.

சாவு வீட்டில் முதலாளி "தங்கமான மனுசிங்க" என்று கண்ணைத் துடைத்தார். பட்டறையில் எங்களோடு வேலை பார்த்தவர்களே, நீங்களும் தலையாட்டினீர்கள். அவர் துரத்தப்பட்ட அன்று நம்மில் ஒருவராவது வாய் திறந்தோமா?

போன வருடம் ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எங்கிட்ட எதுக்கு? தண்ணி கெட்டது அந்த மனுசனுக்கு. அவர்ட்ட போய் உண்மையச் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்க வராதீங்க."

ஸ்டெல்லா உயிரோடு இருந்தவரை நான் போகவில்லை. அடக்கம் முடிந்த கையோடு சின்னச்சாமியின் தோட்டத்துக்குப் போய், அந்த அறிக்கை பொய், கையெழுத்து என்னுடையது என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எழுதிக் குடுங்க" என்றார். நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா எனக்கு விட்டுப்போனது அவருடைய கோபத்தை. மாலை போட்டவர்கள் யாரும் அதை ஆற்ற வர வேண்டாம்.