குளவிக்கு வாசல் அடைக்கிறவ

குளவிக்குக் கதவு சாத்துறதுதான் எனக்குச் சோறு போடுற தொழில். விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனியில, சுடாத பச்சை மண் பொம்மைக்கு விரிசல் பூசிக்கிட்டு இருந்தவ நான். சூளை அனல் ஒத்துக்கல. இப்ப வூட்டுக்கு வூடு ஓட்டை அடைக்கிறேன். ஜன்னலோரம் 'ஙொய்'னு சத்தம் கேட்டு சோத்துத் தட்டோட எழுந்து ஓடுனவங்க அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரங்க. உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?

முதல் வேலை, முதல் திட்டு

ஒரு வாத்தியார் வூடு. வெளிச்சுவத்துல ஒயர் போற ஓட்டைக்குள்ள குளவி போகுது, வருது. நான் என்னா பண்ணேன்? மளமளன்னு வெள்ளை சிமெண்டைக் கொழச்சி அப்பிட்டேன். உள்ள யாரு இருக்கான்னு மொதல்ல பாக்கணும்னு அப்ப எனக்கு எவன் சொன்னான்? கொஞ்ச நேரத்துல கூடத்து சுவிட்சுப் பொட்டி வழியா ஒண்ணொண்ணா எறங்குச்சிங்க பாருங்க! வாத்தியாரு, அவரு சம்சாரம், மாவுப் பாத்திரத்தோட மாமியாரு, எல்லாரும் ரோட்டுல. தலையில துண்டைப் போத்திக்கிட்டு வாத்தியார் சொன்னாரு: "ஏம்மா, குளவிய வெளிய நிறுத்தச் சொன்னா எங்கள வெளிய நிறுத்திட்டியே!"

குவைத்துலேர்ந்து மேஸ்திரி

ஜமீலாக்கா வூட்டு வேலையை என்னால மறக்கவே முடியாது. அவங்க மக ஷபானாவுக்குப் போன வருஷம் குளவி கொட்டி, மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் காப்பாத்துனாங்க. இன்னொரு தரம் கொட்டுனா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அஞ்சு வருஷம் ஏங்கி ஏங்கி இப்பத்தான் அந்தப் பொண்ணு வயித்துல புள்ள. பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வரப்போறா. அதுக்குள்ள ஒரு ஓட்டை பாக்கியில்லாம அடைக்கணும்.

ஷபானாவோட அத்தா, ஜமீலாக்கா வூட்டுக்காரரு, குவைத்துல வேலை பாக்குறாரு. வீடியோ கால்லயே மேஸ்திரி வேலையை ஆரம்பிச்சிட்டாரு. "தங்கச்சி, ஏசி பைப்புகிட்ட காட்டு. பாத்ரூம் ஃபேனுக்குப் பின்னால காட்டு." எங்க காட்டுனாலும் ரெண்டு ஓட்டை. சாயங்காலத்துக்குள்ள மனுஷன் நொந்தே போயிட்டாரு: "வூடுன்னு நெனச்சில்ல கட்டுனேன், சல்லடைக்கு நெலவாசல் வெச்ச மாதிரி இருக்குதே!"

அடைச்ச வூட்டுக்குள்ள குளவி

இந்தத் தடவை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் டார்ச் அடிச்சிப் பாத்துட்டுத்தான் அடைச்சேன். ஜன்னலுக்கு வலை, பைப்பைச் சுத்தி சிலிக்கான். மறுநாள் ஷபானா ரூம்ல ஒரு குளவி! அதுக்கு மறுநாளும் வந்துச்சி. எனக்கு வந்துச்சே கோவம்! மூணாம் நாள் சொல்லாம கொள்ளாம போய் நின்னா, ஜமீலாக்கா ஸ்டூல் மேல ஏறி, நான் அடிச்ச வலையோட மூலையைக் கழட்டிக்கிட்டு இருக்காங்க.

ரூம் மூலையில வெள்ளை வெளேர்னு புதுசா ஒரு குளவிக்கூடு. பக்கத்துப் பீங்கான் கம்பெனி மண்ணு அது, இத்தனை வருஷம் என் கையில ஒட்டுன அதே மண்ணு. வூட்டுல குளவி கூடு கட்டுனா புள்ள நல்லபடியா பொறக்கும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க இல்ல? அந்த நம்பிக்கைக்கு சாதி மதம் எல்லாம் கெடையாது. "கொட்டிடுமோன்னும் பயமா இருக்குது, கலைச்சா ஏதாவது ஆயிடுமோன்னும் பயமா இருக்குது வசந்தா"ன்னு அழுதாங்க. என் கோவம் போன எடம் தெரியல. நானும் சேர்ந்து அழுதேன்.

ஷபானா வர இன்னும் ஒரு வாரம் இருந்துச்சி. கூட்டுல மூணு அறை. மூணையும் மண்ணால மூடிட்டு குளவி கெளம்புற வரைக்கும் பொறுத்தோம். அப்புறம், பச்சைப் பொம்மையைப் பலகையிலேர்ந்து எடுக்குற மாதிரி, பிளேடை சுவத்தோட ஒட்டி வுட்டு, ஒரு பொட்டு உதிராம கூட்டை எடுத்தேன். கைப்பிடி ஒடஞ்ச பீங்கான் கப்புல வெச்சி, கொல்லைப்பக்கம் சன்ஷேடுக்கு அடியில ஏத்திட்டு, வலையை இழுத்து அடிச்சேன். ஜமீலாக்கா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க: "சன்ஷேடும் நம்ம பட்டாவுலதானே வருது?"

மூணு ஓட்டை

ஷபானா வந்தா. அவ ரூமுக்குள்ள ஒரு குளவி எட்டிப் பாக்கல. ஒரு நாள் காலையில போன்: "வசந்தா, பொண்ணு பொறந்திருக்குது! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு போட்ட கூச்சல்ல ஒரு ஆட்டோக்காரரு பயந்து வண்டியை நிறுத்திட்டாரு. அவரு வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழுகொழுன்னு பொண்ணு, மூக்கு அப்படியே குவைத்து மேஸ்திரி மூக்கு!

தாயும் புள்ளையும் வூட்டுக்கு வந்ததும் பாக்கப் போனேன். கொல்லைப்பக்கம் அண்ணாந்தா, கப்புல இருந்த கூட்டுல மூணு ஓட்டை. குஞ்சுக்குளவி மூணும் வெளிய வந்து பறந்துடுச்சிங்க. எனக்குத்தான் ஓட்டையைக் கண்டா கை சும்மா இருக்காதே, சிமெண்டுப் பையைத் தேடுனேன். ஜமீலாக்கா ஓடி வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க: "ஐயய்யோ, அத மட்டும் அடைச்சிடாத வசந்தா, ரெண்டாவதுக்கு வேணும்!"

இத்தனை வருஷத் தொழில்ல நான் தெரிஞ்சே அடைக்காம வுட்டது மூணே மூணு ஓட்டை, மூணும் அந்தக் கப்புல பத்திரமா இருக்குது.