வஜ்ராசனத்தில் எனக்கு வலிக்கவில்லை

யோகா வகுப்பில் சேரப்போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டும், தொளதொளவென்று உடுத்த வேண்டும் என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் நாள் ஆறு இட்லியை முடித்துவிட்டுப் போய்க் குனிந்தேன். அந்தப் பாடத்தை வயிறே நடத்திவிட்டது. யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கூலிக்கு டிராக்டர் ஓட்டி, சொந்த டிராக்டர் வாங்கி, ஏழு ஏக்கர் கழனி சேர்த்தேன். காவாந்தண்டலம் பக்கம் என் அளவுக்குச் சேடை ஓட்ட, அதாவது நடவுக்கு முன் சேற்றை உழுது சமமாக்க, ஆள் கிடையாது. நான் ஓட்டிய கழனியில் தண்ணீர் கட்டிப் பாருங்கள், மேடு பள்ளமே தெரியாது. இதை ஊரே ஒப்புக்கொள்ளும்.

அறுபத்தைந்தைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. "போதும், எறங்குய்யா. இன்னும் இன்னாத்துக்கு அந்த சீட்டு? என் தம்பி ஓட்டுவான்" என்றாள் மனைவி. அவள் தம்பி, என் மச்சான், அங்கேயே நின்று சிரித்தான். "சாவிய குடுத்துட்டு கட்டில்ல படு மாமா. சோறு நான் எட்த்தாறேன்."

"ஒரு மாசம் யோகா போறேன்டா. இடுப்பு நேராச்சுன்னா சம்பாவுக்கு நான்தான் ஓட்டுவேன். ஆவலன்னா சாவி உனுக்கு" என்றேன். நான் ஏமாற்றாமல் போகிறேனா என்று பார்க்க அவனும் வகுப்பில் சேர்ந்தான்.

வகுப்பு சமுதாயக் கூடத்தில், காலை ஆறு மணிக்கு. சொல்லிக் கொடுத்தது, எங்கள் கழனியில் நடவு நட்ட ஒரு அம்மாவின் மகள். காலேஜ் படித்து, யோகாவும் தனியாகப் படித்த பெண். முதல் நாள் ஒவ்வொருவரையும் சுகர், பிரஷர், ஆபரேஷன் என்று விசாரித்தாள். என் முறை வந்தது. "எனுக்கு ஒன்னும் இல்ல. கல்லு மாதிரி கீறேன்" என்றேன்.

சர்க்கரைக்குப் பதினோரு வருடமாக மாத்திரை போடுகிறேன். அதை வியாதியென்று நான் நினைத்ததே இல்லை. நினைத்திருந்தாலும், நடவு நட்டவர் மகளிடம், மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வஜ்ராசனம் என்றால் முட்டி போட்டுக் குதிகால் மேல் உட்கார்வது. ஒரு நிமிடத்திலேயே கூடம் முழுக்க ஐயோ, அம்மா என்று முனகல். "மேடம், முட்டி கயண்டுடுச்சி! கட்டுப் போட ஆள கூப்புடுங்க" என்று மச்சான் சாய்ந்தான். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கணுக்காலில் ஒரு சின்ன வலிகூட இல்லை. "மாமா காலு இரும்புடா" என்று அவனே சொன்னான். மூன்று வாரம் அந்தப் பெயரோடு மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இடுப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

நாலாவது வாரம், கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். நான் தள்ளாடினேன். அவள் என் பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, காலை நீட்டி உட்காருங்க. கண்ணை மூடிக்குங்க. எந்த வெரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

"பெருவெரலு."

"இப்போ?"

"சுண்டுவெரலு."

"இப்போ?"

"நடுவெரலு."

எதற்கும் சிரிக்கிற மச்சானிடமிருந்து சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பேனா.

"முதல் தடவை சுண்டுவெரல்ல அழுத்தினேன் ஐயா. அதுக்கப்புறம் தொடவே இல்லை."

"நான் வலி தாங்கறவம்மா."

"தாங்குறதுக்கு முதல்ல வலி தெரியணும் ஐயா. சுகர் இருக்கா?"

நான் காலை மடக்கிக்கொண்டேன். "பதினோரு வருசமா கீது மேடம்" என்றான் மச்சான். அவன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கமும் வரவில்லை.

உத்திரமேரூர் டாக்டர், சர்க்கரையால் கால் நரம்பு செத்துவிட்டது என்றார். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வருவது கஷ்டம். "பிரேக்கை மிதிச்சுட்டேன்னு நினைப்பீங்க, கால் வேற எங்கேயோ இருக்கும். இனிமே வண்டி ஓட்டாதீங்க." போன வருடம் களத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நானே சிரித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆகையால், புதிதாகச் சேர்கிறவர்களே, வலித்தால் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கெல்லாம் வலிக்கும்போது உங்களுக்கு வலிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள், கேட்பவர் யாராக இருந்தாலும்.

சாவியை நீட்டினேன். "அப்பறமா குடு மாமா" என்று மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் சட்டைப் பையில் நானே போட்டேன். சம்பாவுக்கு அவன்தான் சேடை ஓட்டினான். நான் வரப்பில் நின்றேன். மேல்கோடி மூலையில் மேடு விட்டிருந்தான். சொன்னேன், திரும்ப ஓட்டினான். அப்போதும் மேடு போகவில்லை. மறுபடி சொல்லத் தோன்றவில்லை.

இப்போதும் வகுப்புக்குப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் தூக்குகிறேன்.

மச்சான் சேடை ஓட்டிய அன்று சாயங்காலம் மனைவி என் காலைத் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உள்ளங்காலில் செருப்பைத் தாண்டி வேலிக்காத்தான் முள் ஏறியிருந்தது.

"எப்போ குத்துச்சி?"

"தெரில."

ஊக்கால் நெம்பி எடுத்தாள். ரத்தம் வந்தது. துடைத்து மருந்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காலயும் காட்டு" என்றாள். காட்டினேன்.