ஊதாமல் போன எஞ்சின்கள்

எங்கள் காலத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடிகாரம் வாங்கியவன் பெருமைக்காக வாங்கினான். பொழுது தெரிந்துகொள்ள அது யாருக்கும் தேவைப்படவில்லை. காலை கிள்ளான் வண்டி ஊதினால் உலை வைக்க வேண்டும், அடுத்த வண்டி ஊதினால் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும், அவ்வளவுதான். கம்பிச் சடக்கை, அதுதான் ரயில் பாதையை, ஒட்டியே வரிசையாக ரயில்வே வீடுகள். கதவைத் திறந்தால் எஞ்சின் புகை, சாத்தினால் எஞ்சின் சத்தம். இப்போது என் பேரப்பிள்ளைகள் சுவர்க்கோழி கத்தினால் தூக்கம் போய்விட்டது என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விசில் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். சங்கிலியை இழுப்பதில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கைவாகு உண்டு. எங்கள் பெண்கள் முறத்தில் அரிசி புடைத்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், யார் வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். வரிசையில் கல்யாணம் என்றால் அந்த வீட்டைத் தாண்டும்போது நீளமாக ஊதிக்கொண்டு போவோம். சாவு என்றால் ஊதமாட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எந்த எஞ்சினும் அந்த வீட்டைச் சத்தமில்லாமல்தான் கடக்கும். பக்கத்தில் இருந்த ரயில்வே கேட்டில் கட்டாயம் ஊதவேண்டும் என்பது சட்டம். அதற்காக அந்த நாட்களில் கேட்காரர் முன்கூட்டியே கேட்டைச் சாத்திவிட்டுக் கொடியோடு தண்டவாளத்தின் ஓரத்தில் வந்து நிற்பார். இந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று தெரியாது. நான் வேலைக்குப் போனபோதே அது இருந்தது.

நான் அப்போது கரி வாரிப் போடுகிற பையர்மேன். ஐந்தாறு வருஷம் ஒரே டிரைவரோடுதான் ஓடினேன். அவரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் வாய்க்கு வேறு எந்த டிரைவரும் என்னை ஒரு வாரம்கூட வைத்துக்கொண்டிருக்க மாட்டார். நான் கத்தினால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் இன்னும் கத்துவேன். கிள்ளானுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் நடந்து முடிந்துவிடும்.

அவருக்கு ஒரே பெண். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள், அப்போது ஆறேழு வயசு இருக்கும். கேட்டை நெருங்கும்போது அண்ணன் துண்டு துண்டாக மூன்று தடவை விசிலை இழுப்பார். அது அவளுக்கு. கேட் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவாள். ஏதோ ஒரு நாள் விளையாட்டு மும்முரத்தில் அவள் வராமல் போனால் மனுஷனுக்கு அன்று முழுக்க முகம் தொங்கிப்போகும். சோறுகூட இறங்காது. அவ்வளவு உயிர்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்று நினைத்துக் கொய்னா தின்று பார்த்தார். ஆளைச் சாய்த்த பிறகுதான் டைபாய்டு என்று தெரிந்தது. அந்த நாளில் டைபாய்டு என்றால் பாதிப்பேர் பிழைப்பார்கள், மற்றவர்களைப் பற்றிப் பேசமாட்டோம். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் தரையில்கூடக் கிடந்தார்கள். அதனால் மருந்து கொடுக்கிற டிரஸரே தினமும் வீட்டுக்கு வந்து பார்த்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வாசலில் நின்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கெட்டியா ஒண்ணும் உள்ள போகக் கூடாது. கஞ்சித் தண்ணி, இளநி, அவ்வளவுதான். ஆள அசைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இந்தப் புள்ளைய மொதல்ல வேற எங்கியாச்சும் அனுப்புங்க, ஒட்டிக்கப் போவுது."

பெண்ணைக் கிள்ளானில் இருந்த சித்தி வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அண்ணன் அப்போது நினைவில்லாமல் கிடந்தார்.

அதற்குப் பிறகு அந்த வரிசை வீட்டுக்காரர்கள் நடந்துகொண்டதை இன்றைக்கும் மறக்க முடியாது. அண்ணி சமைக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் எஞ்சின் பழுதுபார்க்கிற பிட்டர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் பெண்சாதி காலையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து கஞ்சி வடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். மறு பக்கத்து வீட்டுக்காரி பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். சத்தம் கேட்காமல் இருக்க உரலையும் அம்மியையும் பெண்கள் உருட்டிக்கொண்டு போய் வரிசைக் கடைசியில் போட்டார்கள். காய்கறிக் கூடையோடு வரும் சீனர் கூவாமல் கதவு கதவாக வந்து நின்றார். நான் தினமும் கிள்ளானில் இளநீர் வாங்கி, எஞ்சின் சூடு படாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

அண்ணனுக்குப் பதிலாக வண்டி ஓட்ட வந்தவர் ஒரு பெரிய மீசைக்காரர். அண்ணனுக்கும் அவருக்கும் ஆகாது. தன் விசிலைப் பார்த்து அண்ணன் காப்பியடித்தார் என்று அவருக்கு ஒரு கோபம், அதைக் கேட்டு அண்ணனுக்கு ஒரு கோபம். எதிர் எதிரே வந்தாலும் பேசிக்கொள்ளமாட்டார்கள். அந்த மனுஷன்தான் ஒரு நாள் எஞ்சின் கொட்டகையில் எல்லா டிரைவர்களும் இருக்கும்போது எழுந்து நின்றார்.

"பொம்பளைங்க அம்மியத் தூக்கி அந்தாண்ட வெச்சிருக்காங்க. நாம என்னடான்னா அவன் தலமாட்டுலயே விசில் அடிச்சிட்டுப் போறோம். நாளையிலிருந்து கேட்டுக்கிட்ட யாரும் ஊதக் கூடாது. சொல்லிட்டேன்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கேட்காரர் வயதான மலாய்க்காரர். விஷயத்தைச் சொன்னதும் கொடியை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். கேட்டுக்கு ஆள் நின்றால் சரி என்று எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையும் தலையை ஆட்டிவிட்டார். மறுநாள் முதல் எங்கள் எஞ்சின்கள் பூனை மாதிரி அந்த வீட்டைத் தாண்டின. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு பாசமா என்று மார்பு விம்மியது.

ஒருத்தனுக்காவது உறைத்ததா? இல்லையே. இத்தனை தலைகள் இருந்தும் ஒரு தலைக்குள்ளும் அது போகவில்லை.

டிரஸர்தான் முதலில் குழம்பினார். காய்ச்சல் இறங்குகிறது, நாக்கு தெளிந்துவிட்டது, நினைவும் திரும்பிவிட்டது. ஆனால் ஆள் தேறவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறார். கஞ்சியை வாயில் ஊற்றினால் கடைவாய் வழியாக வழியவிடுகிறார். "இப்படியே போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் இளநீரோடு போனபோது அண்ணி சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என் மூஞ்சியப் பார்க்க மாட்டேங்குறாரு தம்பி. நான் என்ன செஞ்சேன்? கேட்டா கண்ணுலேருந்து தண்ணி மட்டும் வருது. நீயாச்சும் கேளு."

எனக்குக் கோபம் வந்தது. ஊரே ஒற்றைக்காலில் நிற்கிறது, இவர் கஞ்சி குடிக்கமாட்டாராமா? நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் உள்ளே போனேன். கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தவரைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. ஓரமாக உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கிள்ளான் வண்டி போயிற்று. வீடு அதிர்ந்தது. விசில் இல்லை. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வண்டி போன பிறகு மெதுவாகக் கேட்டார். "பாப்பாவ எங்க வெச்சீங்க?"

"கிள்ளான்ல சித்தி வீட்டுல இருக்காண்ணே. ஒட்டிக்கும்னு டிரஸர்தான் அனுப்பச் சொன்னாரு."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எத்தன நாளா வண்டி ஊதாம போவுது? எனக்குத் தெரியாதா? காய்ச்சல் அவளுக்கும் வந்துருச்சு. பொதைச்சுட்டு வந்து எங்கிட்ட மறைக்கிறீங்க. இன்னும் பதினாறு முடியல, அப்படித்தானே?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் வரிசையில் எஞ்சின் எதற்கு ஊதாமல் போகும் என்று எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வீடுகளுக்கு அவரே அப்படிப் போயிருக்கிறார். காரணத்தைச் சொன்னேன், சத்தியம் செய்தேன், முருகனை இழுத்தேன், என் தாய் தலையில் அடித்துச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்லவன்டா. அழுவாதே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொட்டகைக்கு ஓடினேன். மீசைக்காரர் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அப்படியே கரிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாம எல்லாம் மனுசனுங்களாடா?" என்றார். பிறகு, "அந்தப் புள்ளையக் கூட்டியாந்து காட்டினாத்தான் உண்டு. நாளைக்கு நம்ம வண்டியிலயே ஏத்திக்கிட்டு வந்துருவோம்" என்றார்.

மறுநாள் கிள்ளானிலிருந்து திரும்பும்போது அவளை எஞ்சினிலேயே ஏற்றிக்கொண்டோம். துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். போகட்டும் என்றுதான் இருந்தோம். புதுக் கவுனில் கரி ஒட்டாமல் இருக்க என் துண்டால் சுற்றி, மூலையில் நிறுத்தினேன். அவளுக்கு ஒரே குஷி. பெட்டாலிங் தாண்டியதும் மீசைக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒங்கப்பன் எப்படி ஊதுவான், தெரியுமா?"

"மூணு தடவ" என்றாள்.

"கேட்டுக்கிட்ட வந்ததும் நீ ஊதணும். நல்லா இழு, என்ன?"

நான் தூக்கிப் பிடித்தேன். அவள் இரண்டு கையாலும் சங்கிலியில் தொங்கினாள். முதல் விசில் கன்றுக்குட்டி மாதிரி கரகரத்து நின்றது. இரண்டாவது, விடவே தெரியாமல் நீண்டுகொண்டே போயிற்று. மூன்றாவது பாதியிலேயே அறுந்தது. அப்படி ஒரு கேவலமான விசிலை எங்கள் லைனில் யாரும் ஊதியதில்லை. கேட்டில் நின்ற மலாய்க்காரர் கொடியைக் கீழே போட்டுவிட்டார். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

ஸ்டேஷனில் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே விடக் கூடாது என்பதால் ஜன்னலுக்கு வெளியே என் தோளில் உட்காரவைத்துக் காட்டினேன். அண்ணன் ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பி, ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நான்தாம்ப்பா ஊதுனேன்" என்றாள்.

"தெரியும்மா. வேற யாரு இவ்வளவு மோசமா ஊதுவா" என்றார். சிரித்தாரா, அழுதாரா, எனக்குப் பார்க்கக் கண் தெரியவில்லை. அண்ணி கஞ்சியை எடுத்துவர உள்ளே ஓடினார். அன்றைக்கு அண்ணன் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார்.

அன்று மாலையே எல்லா வண்டிகளும் ஊதத் தொடங்கின. மீசைக்காரர் தேவைக்கு அதிகமாகவே ஊதினார். ஊதல் வரவர அண்ணன் படுத்தபடியே யார் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எழுந்து நடக்க ரொம்ப நாள் பிடித்தது, ஆனாலும் திரும்ப வேலைக்கு வந்தார். நானும் அவரோடு பழையபடி சண்டை போட ஆரம்பித்தேன். அவரும் மீசைக்காரரும் பேசிக்கொள்ள மட்டும் இல்லை. எதிர் வண்டியில் வந்தால் இரண்டு பேரும் சும்மா ஊதிக்கொள்வார்கள்.

வருஷங்கள் ஓடிப்போயின. நானும் டிரைவரானேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, நாங்கள் நீளமாக ஊதி அனுப்பிவைத்தோம். அதற்குப் பிறகு ஒரு நாள் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். நோயும் இல்லை, படுக்கையும் இல்லை. அன்று கிள்ளான் வண்டி என்னுடையது. வழக்கப்படி கேட்காரர் கொடியோடு நின்றார். நானும் சங்கிலியில் கை வைக்காமல் மெதுவாக வந்தேன்.

பார்த்தால் தண்டவாளத்தின் ஓரத்தில் அந்தப் பெண் நிற்கிறாள். தலைவிரிகோலமாக, சின்ன வயதில் நின்ற அதே இடத்தில் நின்று கையை ஆட்டி வண்டியை நிறுத்தினாள். எட்டிப் பார்த்தேன்.

"ஊதிட்டுப் போங்க சித்தப்பா. ஊதாமப் போனா எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அப்பா நெனச்சுக்குவாரு."

அவர் ஊதுகிற மாதிரியே மூன்று தடவை ஊதினேன்.